இரு வடங்களும் ஒரு வழியும்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் நீரிணை அகன்ற கடலன்று. இக்கரையில் நிற்பவர் அக்கரையில் எரியும் விளக்குகளை எண்ணிவிடலாம். ஆயினும், அக்குறுகிய நீர்ப்பரப்பைக் கடப்பதற்கு ஒரு காலத்தில் மக்கள் படகையே நம்பியிருந்தனர். ஜொகூரின் ஊடே அமைந்த இருப்புப்பாதை 1909-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பின்னரும், வண்டி கரையோடு நின்றுவிடும். பயணிகள் இறங்கிப் படகேற வேண்டும். சரக்குப் பெட்டிகளைப் பெருங்கலங்களில் ஏற்றிக் கடத்த வேண்டும். நாளடைவில் சரக்கு மிகுந்தது, கலங்கள் போதவில்லை. அந்தத் தேவையின் விளைவாக எழுந்ததே ஜொகூர்க் கடற்பாலம். கருங்கல்லைக் கடலில் கொட்டி உயர்த்திய அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1,056 மீட்டர். 1923 செப்டம்பரில் சரக்கு வண்டிகளும், அக்டோபரில் பயணிகள் வண்டிகளும் அதன்மீது ஓடலாயின. 1924 ஜூன் 28-ஆம் நாள் பாலம் முறைப்படி திறந்து வைக்கப்பெற்றது.

பாலம் அமைந்தது, இடர் தீர்ந்தது என்றே எவரும் எண்ணுவர். ஆனால், ஒரே வழியை நம்பி வாழ்வதில் ஓர் அச்சம் உண்டு. 1942 ஜனவரி 31-ஆம் நாள், மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அப்பாலத்தை வெடி வைத்துப் பிளந்தனர். பிளந்தது ஒரு சிறு பகுதியே. அற்றதோ இரு கரைகளின் தொடர்பு முழுவதும். போர் முடிந்து, அமைதி திரும்பி, பாலம் செப்பனிடப்பெற்ற பின் வேறொரு வகைத் தொல்லை வளர்ந்தது. அது நெரிசல். காலையிலும் மாலையிலும் வண்டிகள் ஊர்ந்தன. 1998 ஜனவரி 2-ஆம் நாள், தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து துவாஸ் வரை, 1,920 மீட்டர் நீளத்தில் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. இன்று இரு கரைகளுக்கும் இடையே இரண்டு வழிகள் உள்ளன.

இவ்வரலாறு ஜொகூரில் வளரும் பிள்ளைகள் பலரும் அறிந்ததுதான். ஆனால், இதே வரலாறு ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில், கைவிரல் பருமன்கூட இல்லாத இரண்டு நீல நிற வடங்களின் வடிவில் வந்து, ஓர் ஆசிரியருக்குப் பாடம் கற்பித்தது.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பயிற்றியவர். ஜொகூரின் தென்பகுதியில் உள்ள ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிய தந்தைக்குப் பிறந்தவர். தோட்டங்கள் ஒவ்வொன்றாய் விற்கப்பட்டு, மக்கள் நகரப்புற அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, எவரும் கவனியாது விட்டுச் சென்ற பொருள்களை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். பழைய பள்ளியின் ஆண்டு மலர்கள், மாணவர் கையால் எழுதி ஒட்டிய கையெழுத்து ஏடுகள், கோயில் திருவிழா அறிக்கைகள், மூத்த பெண்டிர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அடங்கிய ஒலிநாடாக்கள் ஆகியவை அவர் தொகுப்பில் இருந்தன. அவற்றையெல்லாம் பொறுமையோடு மின்படங்களாகவும் ஒலிக்கோப்புகளாகவும் மாற்றி, பள்ளியின் கணினி அறையில் இருந்த ஒரு சேமிப்புக் கருவியில் வைத்தார்.

நான்கு வட்டுகள் பொருந்திய சிறு பெட்டி அது. அறையிலுள்ள எல்லாக் கணினிகளின் வடங்களும் சுவிட்ச் எனப்படும் மற்றொரு பெட்டியில் வந்து கூடும். சேமிப்புக் கருவியிலிருந்து வரும் வடமும் அச்சுவிட்சிலேயே செருகப்பட்டிருக்கும். எந்தக் கணினி எந்தக் கோப்பைக் கேட்டாலும், சுவிட்ச் அக்கோரிக்கையைச் சேமிப்புக் கருவிக்கு அனுப்பி, வரும் விடையைக் கேட்டவரிடம் சேர்க்கும்.

சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர் இருபதின்மர் அந்த அறைக்கு வருவர். பழைய ஏட்டுப் பக்கங்களைத் திரையில் பெரிதாக்கி, மங்கிய எழுத்துகளைக் கூர்ந்து பார்த்து, அவற்றை மீண்டும் எழுதுவர். மை மங்கிய இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்று காண வேண்டுமானால், படம் மிக நுண்ணியதாக இருத்தல் வேண்டும். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் அளவில் சுருக்காமல் எடுத்த ஒரு வண்ணப் பக்கம் ஏறத்தாழ 100 மெகாபைட் இடத்தை எடுத்துக் கொள்ளும். ஒரு மாணவன் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது ஒரு நொடியில் வந்துவிடும். இருபதின்மரும் ஒருசேரத் திறந்தால், எல்லாருக்கும் பக்கம் கிட்ட இருபது நொடி அளவு ஆகிவிடும். சேமிப்புக் கருவிக்கும் சுவிட்சுக்கும் இடையே இருந்தது ஒரே வடம். அதன் ஆற்றல் நொடிக்கு ஒரு கிகாபிட். கோப்பின் அளவில் சொன்னால், நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் அளவே. இருபது நொடி பெரிதன்று என்று தோன்றலாம். ஒவ்வொரு பக்கத்திற்கும் இருபது நொடி காத்திருக்கும் பதின்மூன்று அகவைப் பிள்ளையின் மனம் எங்கே போகும் என்பதை வகுப்பறையில் நின்றவர் அறிவர்.

ஒரு நாள் ஆசிரியர் அப்பெட்டியின் பின்புறத்தை நோக்கினார். அங்கே வடம் செருகும் வாயில்கள் இரண்டு இருந்தன. ஒன்று வெறுமையாய் இருந்தது. இரண்டாவது வடத்தையும் செருகிவிட்டால் ஆற்றல் இரட்டிப்பாகும் அன்றோ என்று அவர் எண்ணினார். தமிழாசிரியரானமையால் அவருக்கு ஒரு சொல் துணை வந்தது. கேபிள் என்பதைத் தமிழில் வடம் என்கிறோம். தேரை இழுப்பதும் வடமே. பல புரிகளை முறுக்கிச் சேர்த்தால் வடம் வலுப்பெறுகிறது. ஒற்றைப் புரி இழுக்க முடியாத தேரை முறுக்கிய வடம் இழுத்துவிடுகிறது. ஆகவே இரண்டு வடங்களை இணைத்தால் ஒரு பக்கம் இரு மடங்கு விரைவில் வந்து சேரும் என்று அவர் உறுதியாக நம்பினார். சொல் துணை வந்தது; அதே சொல்தான் அவரை வழி தவறவும் செய்தது.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் தனியே அமர்ந்து, இரண்டாவது வடத்தைச் செருகினார். கருவியின் அமைப்புத் திரையில் இரு வாயில்களையும் ஒன்றாகச் சேர்க்கும் முறைகள் பல தரப்பட்டிருந்தன. அவற்றுள் முதலில் இருந்ததைத் தேர்ந்தார். அது சுழல்முறை. முதற் பொட்டலத்தை ஒரு வடத்திலும், அடுத்த பொட்டலத்தை மறுவடத்திலும் மாற்றி மாற்றி அனுப்பும் முறை அது. சுவிட்சில் அவர் எதையும் மாற்றவில்லை. மாற்றுவதற்கான அமைப்பு எதுவும் அந்த மலிவான பெட்டியில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, படங்கள் பாதி வந்து நின்றன. சில கணினிகள் சேமிப்புக் கருவியைக் காணவில்லை என்றன, சற்று நேரத்தில் கண்டன, மீண்டும் இழந்தன. தாலாட்டுப் பாடல் ஒன்று விக்கி விக்கி ஒலித்தது. ஆசிரியர் பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெட்டியின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவர் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. கையெழுத்து ஏடுகளுள் மிகப் பழையதன் மூலம், அதைப் படம் எடுத்த சில திங்களிலேயே கறையானுக்கு இரையாகிவிட்டது. எஞ்சியிருந்தது அந்தப் படமே. அதுவும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வட்டுகள் கெட்டுவிட்டனவோ என்னும் ஐயம் எழுந்தது. அன்றிரவு அவர் உறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய மாணவர் ஒருவர் வந்தார். சிங்கப்பூரில் வலையமைப்புத் தொழில் செய்பவர். வேலை நாள்தோறும் விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து செல்பவர். பெட்டியைத் திறந்து, வட்டுகளைச் சோதித்து, "ஒன்றும் ஆகவில்லை ஐயா, கோப்புகள் எல்லாம் நலமாகவே இருக்கின்றன" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஆசிரியருக்கு உயிர் திரும்பியது.

"பிறகு ஏன் தம்பி இப்படி?"

"நீங்கள் ஒரு பக்கத்தில் மட்டும் முடிவெடுத்துவிட்டீர்கள். மறுபக்கத்திடம் சொல்லவில்லை."

அதன் பொருளை அவர் விளக்கினார். எந்த முகவரி எந்த வாயிலில் உள்ளது என்பதைச் சுவிட்ச் தன் நினைவில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. ஒரு முகவரி ஒரு வாயிலில்தான் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. இப்போது சேமிப்புக் கருவியின் ஒரே முகவரி, ஒரு கணம் மூன்றாம் வாயிலிலும், மறுகணம் நான்காம் வாயிலிலும் தோன்றுகிறது. சுவிட்ச் தன் பட்டியலை அழித்து அழித்து எழுதுகிறது. எங்கே அனுப்புவது என்று தடுமாறுகிறது. அஞ்சற்காரர் ஒருவருக்கு, ஒரே பெயருடைய ஒரே மனிதர் காலையில் ஒரு தெருவிலும் நண்பகலில் மறுதெருவிலும் குடியிருப்பதாகத் தகவல் வந்துகொண்டே இருந்தால் அவர் என்ன செய்வார்? அதே நிலைதான் சுவிட்சுக்கும்.

இந்தத் தடுமாற்றத்தைத் தீர்ப்பதற்கு உலகம் ஒரு நெறியை வகுத்திருக்கிறது. அந்நெறிக்குப் பின்னால் ஓர் இனிய வரலாறும் உண்டு. கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் என்னும் முறை 1973-இல் அமெரிக்காவில் பிறந்தது. ஈதர்நெட்டுக்குரிய சுவிட்சை முதன்முதல் சந்தைக்குக் கொண்டு வந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. இந்திய வழியினரான வினோத் பரத்வாஜும் லாரி பிளேர் என்பவரும் தொடங்கிய நிறுவனம் அது. பரத்வாஜ் தம் மனைவியாரின் பெயரையே அதற்கு இட்டார். கற்பனை என்பது அப்பெயரின் பொருள். பல வடங்களை ஒரே வடம்போல் நடத்தும் முறையையும் 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனமே உருவாக்கியது. 1994-இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கிக் கொண்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் வடங்களைச் சேர்த்தால், ஒருவர் பெட்டி மற்றவர் பெட்டியோடு பேசாது. ஆதலால், ஐ.ஈ.ஈ.ஈ. எனப்படும் மின்பொறியாளர் கழகம் 2000-ஆம் ஆண்டில் எல்லார்க்கும் பொதுவான ஒரு நெறியை வெளியிட்டது. அதன் எண் 802.3ஏ.டி.; 2008-இல் அது 802.1ஏ.எக்ஸ். என்னும் தனி நெறியாயிற்று. அந்நெறியின் உயிர்ப்பகுதி எல்.ஏ.சி.பி. என்னும் உடன்பாட்டு முறை.

உடன்பாடு என்பதே இங்குச் சிறந்த சொல். இரு முனைகளும் ஒன்றோடொன்று பேசுகின்றன. 'நான் இன்னார், இந்த இரண்டு வடங்களையும் ஒரே கட்டாகக் கொள்ள அணியமாக இருக்கிறேன்' என்று ஒரு முனை சொல்ல, மறுமுனையும் அவ்வாறே சொல்ல வேண்டும். இரண்டு வடங்களும் ஒரே பெட்டியில்தான் சென்று முடிகின்றனவா, ஒரே வேகம் உடையனவா என்று இருபுறமும் சரிபார்த்த பின்னரே வடங்கள் கட்டில் சேர்க்கப்படுகின்றன. ஒரு முனை தானாகப் பேசும் நிலையிலும் மறுமுனை கேட்டால் விடை சொல்லும் நிலையிலும் இருக்கலாம். இரண்டுமே 'கேட்டால் சொல்கிறேன்' என்று காத்திருந்தால் கட்டு ஒருநாளும் அமையாது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றனர்.

பேச்சு ஒருமுறையோடு முடிவதில்லை. முப்பது நொடிக்கு ஒருமுறையோ, விரைவு வேண்டுமெனில் ஒரு நொடிக்கு ஒருமுறையோ, 'இருக்கிறேன்' என்னும் செய்தி ஒவ்வொரு வடத்தின் வழியாகவும் சென்றுகொண்டே இருக்கும். மும்முறை அளவு காலம் செய்தி வராவிடில், அந்த வடம் கட்டிலிருந்து விலக்கப்படும். இப்பேச்சு இல்லாமல், இருபுறமும் கையால் அமைத்து வடங்களைக் கட்டும் முறையும் உண்டு. ஆனால், அதில் வடம் உயிரோடிருப்பதற்கு விளக்கு எரிவது ஒன்றே சான்று. வாயிலின் விளக்கு எரிந்துகொண்டிருக்க, மறுமுனை செயலற்றுக் கிடப்பதும் உண்டு. விளக்கை மட்டும் நம்பியவர் அப்போது ஏமாறுவர்.

மறுவாரம் அவ்விளைஞர் எல்.ஏ.சி.பி. அறிந்த ஒரு சுவிட்சோடு வந்தார். அவர் செய்த வேலையின் ஒழுங்கை ஆசிரியர் உடனிருந்து கண்டார். முதலில் கோப்புகளின் படி ஒன்றைத் தனி வட்டில் எடுத்து வைத்தார். இரண்டாவது வடத்தைப் பிடுங்கிவிட்டு, ஒற்றை வடத்தோடு கருவி சரியாக இயங்குவதை உறுதி செய்தார். பிறகு சேமிப்புக் கருவியில் இரு வாயில்களையும் ஒரு கட்டாக்கி, எல்.ஏ.சி.பி. முறையைத் தேர்ந்தார். புதிய சுவிட்சில் இரண்டு வாயில்களை ஒரே குழுவாக்கி, அங்கும் அதே முறையை அமைத்து, தானாகப் பேசும் நிலையில் வைத்தார். இரு வாயில்களும் ஒரே வேகத்தில் உள்ளனவா, ஒரே உட்பிரிவைச் சேர்ந்தனவா என்று பார்த்தார். இறுதியில்தான் இரண்டாவது வடத்தைச் செருகினார். சில நொடிகளில் இரு முனைகளும் உடன்பட்டன என்று திரை காட்டியது.

ஆசிரியர் ஆவலோடு ஒரு பெருங்கோப்பைத் தம் கணினிக்கு இழுத்தார். வேகத்தைப் பார்த்தார். நொடிக்கு 110 மெகாபைட் அளவே. முன்பிருந்த அதே வேகம்.

"இரண்டு வடம் இருந்தும் ஒன்றின் வேகந்தானா தம்பி?"

இளைஞர் சிரித்தார். "ஐயா, நான் நாள்தோறும் சிங்கப்பூர் போகிறேன். இப்போது இரண்டு பாலங்கள் இருக்கின்றன. அதனால் என் மோட்டார் சைக்கிள் இரு மடங்கு வேகமாக ஓடுகிறதா?"

ஆசிரியருக்கு அப்போது விளங்கியது. தேர் வடம் என்று அவர் எண்ணியது பிழை. புரிகள் ஒன்றாய் முறுக்கப்பட்டு ஒரே தேரை இழுக்கின்றன. இவையோ முறுக்கப்பட்டவை அல்ல. அடுத்தடுத்து அமைந்த இரண்டு பாலங்கள் இவை. ஒரு வண்டி ஒரு பாலத்தில்தான் போகும். பாலம் இரண்டானதால் ஒரு வண்டியின் வேகம் கூடாது. ஒரே நேரத்தில் கடக்கும் வண்டிகளின் தொகை கூடும்.

ஏன் ஒரு கோப்பையே பிரித்து இரு வடங்களிலும் அனுப்பக் கூடாது என்று அவர் வினவினார். அவர் தேர்ந்த சுழல்முறை அதைத்தான் செய்தது என்றும், அதில் ஓர் இடர் உண்டு என்றும் இளைஞர் விடையளித்தார். ஒரு செய்யுளின் அடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு மாணவரிடம் எழுதிக் கொடுத்து, இரு வழிகளில் அடுத்த வகுப்புக்கு அனுப்பினால், மூன்றாம் அடி இரண்டாம் அடிக்கு முன்னால் போய்ச் சேரக்கூடும். பெறுபவர் அடிகளை மீண்டும் அடுக்க வேண்டும்; ஓர் அடி தொலைந்ததோ என்று ஐயுற்று மறுபடியும் கேட்க வேண்டும். அதனால் வேகம் கூடுவதற்கு மாறாகக் குறைந்தும் போகலாம். ஆதலால் பொது நெறி, ஓர் உரையாடலுக்கு உரிய பொட்டலங்கள் வரிசை மாறக் கூடாது என்று விதிக்கிறது. அதை நிறைவேற்றும் எளிய வழி, ஓர் உரையாடல் முழுவதையும் ஒரே வடத்தில் அனுப்புவதே. பொட்டலத்தின் மேலுள்ள அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடப்படும்; அதன் விடை எந்த வடத்தைச் சுட்டுகிறதோ அந்த வடத்தில் அது செல்லும். அதே இருவர் பேசும்வரை விடை மாறாது; எனவே வழியும் மாறாது.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. சுவிட்சிலிருந்து கருவிக்குச் செல்லும் பொட்டலங்களுக்கு வழி வகுப்பது சுவிட்ச்; கருவியிலிருந்து வெளிவருவனவற்றுக்கு வழி வகுப்பது கருவி. மாணவர் பக்கங்களைப் பெறுவதே மிகுதியாதலால், கருவியின் கணக்கே இங்கு முதன்மையானது. கணக்கு எப்போதும் சரிபாதியாய்ப் பிரிக்கும் என்று சொல்ல இயலாது. கேட்பவர் இருவரே என்றால், இருவருக்கும் ஒரே வடம் வாய்த்து மறுவடம் வெறுமையாய்க் கிடக்கவும் கூடும். கேட்பவர் பலரானால் பங்கீடு பெரும்பாலும் சமனாகும்.

அடுத்த சனிக்கிழமை இருபது மாணவரும் வந்தனர். பதினோரு கணினிகள் ஒரு வடத்திலும் ஒன்பது கணினிகள் மறுவடத்திலும் அமைந்ததை இளைஞர் தம் திரையில் காட்டினார். இருபதின்மரும் ஒரே நேரத்தில் பக்கங்களைத் திறந்தனர். பத்து நொடி அளவில் எல்லாத் திரைகளிலும் எழுத்துகள் விரிந்தன. எந்த ஒரு மாணவனின் வழியும் முன்னைவிட அகலமாகவில்லை. ஆனால், ஒருவன் வழியை அடைத்து நின்றோர் தொகை பாதியாகக் குறைந்தது. கருவியின் வட்டுகள் அந்த அளவு விரைவில் பக்கங்களை எடுத்துத் தர வல்லனவாய் இருந்ததால் இது கைகூடியது. வட்டுகளே மெதுவானவை என்றால் வடங்களைப் பெருக்கிப் பயனில்லை. கிணற்றில் நீர் ஊறும் அளவுக்குத்தான் வாய்க்கால் பாயும்.

பிறகு இளைஞர் எழுந்து சென்று, எவரிடமும் சொல்லாமல் ஒரு வடத்தைப் பிடுங்கினார். தாலாட்டுக் கேட்டுக் கொண்டிருந்த மாணவி தலை நிமிரவில்லை. பாடல் நிற்கவில்லை. அந்த வடத்தில் போய்க்கொண்டிருந்தவை எல்லாம் இமைப்பொழுதில் மறுவடத்திற்கு மாறிக் கொண்டன. 1942-இல் ஒரு பாலம் பிளந்தபோது கரைகள் இரண்டும் பிரிந்தன. இங்கு ஒரு வடம் அற்றபோது அற்றதை அறிந்தவர் பிடுங்கியவர் மட்டுமே.

ஆசிரியர் நெஞ்சம் நிறைந்தது. "இனி நம் ஏடுகளுக்குக் கேடில்லை" என்றார்.

"அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா" என்று இளைஞர் உடனே மறுத்தார். "பாலங்கள்தாம் இரண்டு. வீடு ஒன்றே. வீடு எரிந்தால் இரண்டு பாலம் இருந்து என்ன செய்வது?"

அச்சொல் ஆசிரியரைச் சுட்டது. தமிழ் படித்த எவரையும் அது சுடும். 1981 மே 31-ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்நூலகத்திற்குச் செல்ல வழிகள் பல இருந்திருக்கும். அங்கிருந்த சில ஏடுகளுக்கு வேறு படி இல்லை என்பதே பேரிழப்பாயிற்று. தீ மட்டுமன்று, நீரும் அழிக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரின் கோத்தா திங்கியில் பெருகிய வெள்ளத்தை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வழி வேறு, படி வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு நன்கறியும். ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதால் நம் முன்னோர் தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதினர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஓர் ஏட்டை மட்டும் நம்பியிராமல், பல இடங்களிலிருந்தும் ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்த அடி மற்றொன்றில் எஞ்சியிருந்தது. ஊர்தோறும் படி இருந்ததாலேயே நூல் பிழைத்தது. சேமிப்புக் கருவியினுள் நான்கு வட்டுகள் இருப்பதும் இக்குறையை நீக்காது. ஒரு வட்டு பழுதுற்றால் மற்றவை தாங்கும்; ஆனால், கை தவறி ஒரு கோப்பை அழித்தால் அது எல்லா வட்டுகளிலும் அழிந்துவிடும். இடி விழுந்தால் நான்கும் ஒன்றாகவே கருகக்கூடும்.

அன்று முதல் ஆசிரியர் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். வாரந்தோறும் எல்லாக் கோப்புகளின் படியும் ஒரு தனி வட்டில் எடுக்கப்படும். அவ்வட்டு, வேறோர் ஊரில் வாழும் நண்பராகிய மற்றோர் ஆசிரியரின் வீட்டிற்குச் செல்லும். அங்கிருக்கும் பழைய வட்டு திரும்பி வரும். மாதம் ஒருமுறை, படியிலிருந்து ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அது முழுமையாக இருக்கிறதா என்று மாணவர் ஒருவர் பார்ப்பார். திறந்து பாராத படியைப் படி என்று நம்புவதற்கில்லை.

சில திங்கள் கழிந்தன. ஒரு நாள் அறையைப் பெருக்கியபோது வடம் ஒன்று தளர்ந்து நழுவிவிட்டது. மூன்று வாரங்கள் எவருக்கும் தெரியவில்லை. பக்கங்கள் வந்துகொண்டே இருந்தன. சற்று மெதுவாக வந்தன, அவ்வளவே. தற்செயலாகப் பெட்டியின் பின்புறம் சென்ற ஆசிரியர், இரண்டு விளக்குகளில் ஒன்று அணைந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். மூன்று வாரமும் அந்த அறை மீண்டும் ஒரே பாலத்தை நம்பி வாழ்ந்திருக்கிறது. ஒரு வடம் அற்றாலும் எவரும் உணராதிருப்பதே இவ்வமைப்பின் சிறப்பு. அதுவே இதன் குறையும் ஆகும். கட்டு தளர்ந்தால் எச்சரிக்கை அனுப்பும் அமைப்பு கருவியிலேயே உண்டு என்று இளைஞர் பின்னர்ச் சொல்லி, அதையும் இயக்கிக் கொடுத்தார்.

கூலாய் வட்டாரத்தில், ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த மண்ணில், இன்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு இசைவு தருவதை நிறுத்தி வைத்து, 2022-இல் அளவோடு மீண்டும் தொடங்கியது; அந்த இடைவெளியிலும் அதன் பின்னரும் ஜொகூருக்கு அவை பெருகி வந்தன. அவற்றினுள்ளும் வடங்கள் கட்டுக் கட்டாக இணைந்து நிற்பது இதே உடன்பாட்டு முறைகளால்தான். பால்மரம் சீவிய தந்தையின் மகனுக்குத் தம் பள்ளி அறையில் ஓடும் இரண்டு வடங்களும் அந்தப் பெருங்கூடங்களின் வடங்களும் ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டவை என்பதில் ஒரு நிறைவு இருந்தது.

கணினி அறையின் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை வகுப்புத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை அதில் மூன்று வரிகளாக ஆசிரியர் கையெழுத்தில் உள்ளன. விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா என்று பார்த்தல். இவ்வாரப் படி வெளியூர் சென்றுவிட்டதா என்று கேட்டல். அதன் பின்னரே ஏட்டைத் திறத்தல். முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவர் அவற்றைச் செய்து, தாளின் ஓரத்தில் தம் பெயரை எழுதி வைக்கிறார்.